குழப்படிக்காரனை மைதானத்துக்கு விடுங்கள்

வகுப்பில் இருப்புக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது விளையாட்டு நேரம். யாழ்ப்பாணத்தில் இது எழுதாத சட்டம். "எழுதி முடிச்சிட்டுத்தான் வெளியால போகலாம்" என்பார் ரீச்சர். "கணக்குச் செய்து முடியாமல் பந்தில கை வைக்கக்கூடாது" என்பார் அம்மா. இருவரும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்குமானால், அதன் மூளைக்கு உதவக்கூடிய அரை மணி நேரத்தையே தண்டனை என்ற பெயரில் எடுத்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கேட்பதற்காக எழுதப்படுகிறது.

எல்லாக் குழப்படியும் ஏ.டி.எச்.டி. அல்ல. உலகெங்கும் நடந்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 வீதமானோருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் ஆற்றிய விரிவுரைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விவரிப்பு வருகிறது. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், ஆனால் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ள முடியாதவர்கள் என்று அவர் கண்டார். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது என்று காட்டியிருக்கின்றன. செல்லம் கொடுத்ததால் வந்ததும் இல்லை, அடி குறைந்ததால் வந்ததும் இல்லை.

2007இல் அமெரிக்காவில் பிலிப் ஷோ தலைமையிலான குழு, ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களையும் அது இல்லாத அதே எண்ணிக்கையான பிள்ளைகளின் படங்களையும் ஒப்பிட்டது. வளரும்போது மூளையின் புறணி தடித்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெலியத் தொடங்கும். புறணியின் பாதிப் பகுதி அந்த உச்சத்தைத் தொடும் வயது சாதாரணப் பிள்ளைகளில் ஏழரை. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளில் பத்தரை. வளர்ச்சியின் வரிசை இருவருக்கும் ஒன்றுதான், வேகம்தான் வேறு. தாமதம் அதிகமாகத் தெரிந்தது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையில். நாங்கள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை இருத்தும் வயது பத்து என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த முன்மூளை செய்யும் வேலைகளில் மூன்று இங்கே முக்கியம். செய்யப் போனதைச் செய்யாமல் நிறுத்துவது முதலாவது. இரண்டாவது, மூன்று நான்கு விடயங்களை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்வது. "புத்தகத்தை எடு, 42ஆம் பக்கம், மூன்றாவது கேள்வி" என்றால் பக்கத்தைத் திறக்கும்போதே கேள்வி எண் மறந்துபோகிற பிள்ளைக்கு இதில்தான் சிக்கல். மூன்றாவது, விதி மாறினால் தானும் மாறுவது. மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவர் தன்னைத் தானே நடத்திக்கொள்ள முடியும். ஏ.டி.எச்.டி. பிள்ளைகளில் பலருக்கு இவற்றில் ஒன்றிரண்டிலும், சிலருக்கு மூன்றிலும் தளர்ச்சி இருக்கும்.

ஆடிக்கொண்டே இருப்பது பற்றியும் நம் எண்ணம் மாறவேண்டும். மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்போர்ட்டின் குழு 8 முதல் 12 வயதுச் சிறுவர்களுக்கு நினைவுச் சோதனை கொடுத்து, அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்று படம்பிடித்து அளந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்கள் கூடுதலாக அசைந்த வேளைகளில்தான் சோதனையைக் கூடுதல் நன்றாகச் செய்தார்கள். மற்றச் சிறுவர்களிடம் இந்தத் தொடர்பு இல்லை. கால் ஆட்டுவதும் கதிரையில் நெளிவதும் விழிப்பாக இருப்பதற்கு உடல் எடுக்கும் முயற்சியாக இருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். "ஆடாமல் இரு" என்று சொல்லிப் பிள்ளையை அடக்கிவிட்டு, பிறகு "கவனி" என்று சொல்வதில் எவ்வளவு முரண் இருக்கிறது!

அசைவு உதவுமானால் எந்த அசைவு? 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர், அவர்களில் பாதிப்பேர் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள், ஒரு நாள் 20 நிமிடம் ஓடுபொறியில் மிதமான வேகத்தில் பயிற்சி செய்தார்கள். இன்னொரு நாள் அதே நேரத்துக்கு இருந்து வாசித்தார்கள். பயிற்சி செய்த நாளில் இரு சாராரும் கவனச் சோதனையில் பிழை குறைவாக விட்டார்கள், வாசிப்பிலும் கணக்கிலும் மேலாகச் செய்தார்கள். மத்தேயு பொன்டிஃபெக்ஸ், சார்ள்ஸ் ஹில்மன் ஆகியோரின் ஆய்வு அது. மூளையில் டோபமின், நோராட்ரெனலின் என்ற இரசாயனங்களின் சுற்றோட்டத்தை உடற்பயிற்சி கூட்டுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் மருந்தும் இதே இரண்டின் மீதுதான் வேலை செய்கிறது.

அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, 2008இல், பேர்லின் நகரப் பாடசாலை ஒன்றில் ஹென்னிங் புட்டே என்ற ஆய்வாளர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தார். 13 முதல் 16 வயது வரையான மாணவர்களில் ஒரு பகுதியினர் 10 நிமிடம் சாதாரண விளையாட்டுப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் அதே 10 நிமிடம் இரு கையும் வெவ்வேறு வேலை செய்யும்படியான, உடல் சமநிலையும் பந்துக் கையாளலும் கலந்த பயிற்சி செய்தார்கள். இதயத் துடிப்பு இரு பக்கத்திலும் ஒரே அளவு. இரு சாராருக்கும் கவனம் கூடியது. ஆனால் இரண்டாவது பகுதியினருக்குக் கூடுதலாகக் கூடியது. வியர்வை ஒன்றுதான் என்றாலும் பலன் ஒன்றாக இல்லை. இவர்கள் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இந்த ஆய்வு ஒரு கதவைத் திறந்தது. மைதானத்தைச் சுற்றிப் பத்து வட்டம் ஓடுவதும், தலை வேலை செய்தபடி ஓடுவதும் மூளைக்கு ஒன்றல்ல போலிருக்கிறது.

தலை வேலை செய்தபடி ஓடுவது என்றால் என்ன என்று நம் பக்கத்தில் விளக்க வேண்டுமானால் எனக்கு முதலில் தோன்றுவது தாச்சி. கிளித்தட்டு என்றும் சொல்வோம். நிலத்தில் நடுவே நீளமாக ஒரு கோடு, அதைக் குறுக்கறுத்துச் சில கோடுகள், இரு பக்கமும் பெட்டி பெட்டியாகப் பிரியும் களம். மறிக்கிற அணியில் ஒவ்வொரு குறுக்குக் கோட்டுக்கும் ஓர் ஆள். அவர் தன் கோட்டை விட்டு விலக முடியாது. அந்த அணியில் கிளி எனப்படும் ஆள் மட்டும் நடுக்கோடு நீளத்துக்கும் ஓடலாம். ஓடுகிற அணி கைபடாமல் எல்லாப் பெட்டியையும் தாண்டி அந்தக் கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும்.

முதற்பெட்டிக்குள் புகுந்து நிற்கும் ஒன்பது வயதுப் பையனைப் பாருங்கள். முன்னால் கோட்டுக்காரன் கை விரித்து நிற்கிறான். பக்கவாட்டில் கிளி எந்த நேரமும் வரலாம். பையன் இடப்பக்கம் பாய்வதுபோல ஒரு கால் வைக்கிறான். கோட்டுக்காரன் ஏமாந்து அந்தப் பக்கம் சாய்கிறான். வலப்பக்கம் பாயும் நேரம், கிளி திரும்பிவிட்டது! எடுத்த காலை அந்தரத்திலேயே நிறுத்தி உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. முன்மூளையின் மூன்று வேலையும் இந்த இரண்டு விநாடிக்குள் இருக்கின்றன. இருவர் எங்கே நிற்கிறார்கள் என்பதை மனத்தில் பிடித்து வைத்தான், போட்ட திட்டத்தை மாற்றினான், பாயத் தொடங்கிய உடலை நிறுத்தினான்.

கடைசியாகச் சொன்ன அந்த நிறுத்தலை உளவியல் ஆய்வுகூடத்தில் அளக்கிறார்கள். திரையில் அம்புக்குறி தோன்றியதும் பிள்ளை பொத்தானை அழுத்த வேண்டும். சில தடவைகளில் மட்டும் அம்புக்குறிக்குப் பின் ஒரு ஒலி வரும், அப்போது அழுத்தப் போன விரலை நிறுத்திவிட வேண்டும். 1984இல் கோர்டன் லோகனும் வில்லியம் கவனும் இந்தச் சோதனைக்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார்கள். ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு நிறுத்துவதற்கு எடுக்கும் நேரம் சராசரியாகக் கூடுதல். தாச்சிக் களத்தில் பிள்ளை முழு உடலாலும் விருப்பத்தோடும் பின்னேரம் முழுக்கச் செய்வது இதே வேலையைத்தான்.

தாச்சி பற்றி நான் சொல்வது அனுமானம். அந்த அனுமானத்துக்குப் பின்னால் இருப்பவை இதே இயல்புள்ள வேறு விளையாட்டுகளில் செய்த ஆய்வுகள். தாய்வானில் பான் சியென்-யூவின் குழு ஏ.டி.எச்.டி. உள்ள 6 முதல் 12 வயதுச் சிறுவர்களுக்குப் 12 வாரம் மேசைப்பந்து பழக்கியது. அவர்களின் அசைவுத் திறனும் மேலே சொன்ன தன்னை நடத்தும் திறன்களும் முன்னேறின. சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாலன்டீன் பென்சிங்கும் மிர்கோ ஷ்மிட்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வீட்டிலேயே உடலை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டை எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, அரை மணி நேரம் ஆடினார்கள். நிறுத்தும் வேகமும் மாறும் வேகமும் கூடின. மனத்தில் பிடித்து வைக்கும் திறன் கூடவில்லை.

எதிராக நிற்கும் ஆய்வும் இருக்கிறது. ஜெர்மனியில் சூசன்னே சியராய்ஸ், பெட்ரா யான்சன் இருவரும் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தும் சமநிலையும் சேர்ந்த பயிற்சியும், இன்னொரு பகுதிக்குக் குறிப்பான நோக்கம் இல்லாத விளையாட்டுகளும் 12 வாரம் கொடுத்தார்கள். பயிற்சியே செய்யாதவர்களைவிட இரு சாராரும் முன்னேறினார்கள். தங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலான ஆய்வுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் சிறியது. ஆகவே 'இந்த விளையாட்டுத்தான் மருந்து' என்று யாராவது வகுப்பு நடத்திக் காசு கேட்டால் நம்பாதீர்கள். எந்த விளையாட்டும் விளையாட்டில்லாமல் இருப்பதைவிட மேல். தலையும் சேர்ந்து வேலை செய்வது அதைவிடச் சற்று மேலாக இருக்கலாம். இன்னொரு காரணத்துக்காகவும் நான் தாச்சியின் பக்கம் நிற்பேன். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் இந்தப் பிள்ளை மூன்றாம் வட்டத்தில் சலித்து வேலியோரம் ஓணான் பார்க்கப் போய்விடும். தாச்சியில் அடுத்த விநாடி என்ன நடக்கும் என்று தெரியாது. சலிப்பு இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும், ஆகவே பயிற்சி தொடர்ந்து நடக்குமா என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் ஏ.டி.எச்.டி. பல தடவை துள்ளலாக வராது. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பதாகவும், கொப்பியைத் தொலைப்பதாகவும் வரும். குழப்படி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. பெரியபிள்ளையானதும் மைதானம் மூடப்படுவதும் இவர்களுக்குத்தான். ஆனால் நம்மிடம் வலைப்பந்தாட்டம் இருக்கிறது. புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்கு ஆடி, 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். அந்த ஆட்டத்தின் விதிகளைப் பாருங்கள். பந்து கையில் கிடைத்தால் ஓடக்கூடாது. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அணியின் ஏழு பேருக்கும் தாங்கள் போகக்கூடிய பகுதி எது, போகக்கூடாத பகுதி எது என்று வரையறை உண்டு. நிறுத்து, நினைவில் வை, உடனே முடிவெடு என்று பிள்ளையிடம் நிமிடத்துக்குப் பல தடவை கேட்கிற ஆட்டம் இது. விளையாட அனுமதி இல்லாத வீடுகளில்கூடப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுமதி உண்டு. காலில் ஒரு தாளம், கையில் ஒரு முத்திரை, கண் வேறொரு திசையில். அதையும் குறைத்து மதிக்க வேண்டாம்.

இனி ஒரு கஷ்டமான விடயம். ஏ.டி.எச்.டி. பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதிலும் சிரமம் இருக்கிறது. பந்தைப் பிடிக்கத் தெரியாது, சப்பாத்துக் கயிறு கட்ட நேரமெடுக்கும். அணி பிரிக்கும்போது கடைசியாக எடுக்கப்படும் பிள்ளை பெரும்பாலும் இதுதான். தாச்சியில் ஒருவர் அவசரப்பட்டுப் பிடிபட்டால் முழு அணியுமே வெளியேறும் விதி பல இடங்களில் உண்டு. எல்லாரும் சேர்ந்து யாரைத் திட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி இரண்டு நாள் நடந்தால் மூன்றாம் நாள் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பறையிலேயே இருந்துவிடும். ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் களத்தைச் சிறிதாக்கி, இரண்டு கோடு, மூன்று பேர் என்று வைக்கலாம். பிடிபட்டவர் மட்டும் பின்னால் போய் மறுபடி வரலாம் என்று விதியை மாற்றலாம். பிள்ளையை முதலில் கோட்டில் மறிக்க விடலாம், அங்கே கவனிக்க வேண்டிய திசைகள் குறைவு.

கிரிக்கெட்டில் இந்தப் பிள்ளையை எல்லைக்கோட்டில் களத்தடுப்புக்கு நிறுத்துவதை நான் பல மைதானங்களில் பார்க்கிறேன். பந்து வராத இடம் என்பதால் அங்கே நிறுத்துகிறார்கள். கவனம் குறைந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருந்தாத இடம் கிடையாது. 1990இல் வில்லியம் பெல்ஹாமின் குழு ஏ.டி.எச்.டி. சிறுவர்கள் பேஸ்போல் ஆடுவதை மருந்தோடும் மருந்தில்லாமலும் கவனித்தது. மருந்து எடுத்தபோது ஆட்டத்தின் நிலை என்ன என்பதில் அவர்களின் கவனம் கூடியது. பந்தை அடிக்கும் திறன் கூடவில்லை. திறன் பழகித்தான் வரும், பழகக் கவனம் வேண்டும், அந்தக் கவனத்துக்குச் சிலருக்கு மருந்தும் வேண்டும்.

மருந்து பற்றி நம்மிடையே பயம் அதிகம். இந்தக் கட்டுரையைக் காட்டி யாரும் பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்தின் உடனடிப் பலன் உடற்பயிற்சியின் பலனைவிடப் பெரியது, அதற்கான சான்றும் பலமானது. விளையாட்டு அதோடு சேர்ந்து நிற்கும் துணை. முதலில் ஏ.டி.எச்.டி.தானா என்பதே உறுதியாக வேண்டும். நித்திரைக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைபாடு எல்லாம் இதேபோலத் தோற்றம் காட்டும். வடக்கில் இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வில் கால்வாசிப் பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. திடுக்கிடுவதும், ஒன்றிலும் மனம் நிலைக்காததும், எரிந்து விழுவதும் அந்த நோயின் அறிகுறிகளும்தான். இன்றைய பிள்ளைகள் போருக்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் வீட்டுக்குள் அடிதடி இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். பிரித்தறிவது வைத்தியரின் வேலை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன.

பாடசாலைகள் செய்யக்கூடியது என்ன? முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது மைதானம் நிரம்பி வழிகிறது. கொடி இறங்கியதும் வெறிச்சோடிவிடுகிறது, ஐந்தாம் தரமும் சாதாரண தரமும் ரியூசனுக்குள் போய்விடுகின்றன. வருடத்தில் ஒரு மாதம் கடுமையாக ஓடுவதால் இந்த மூளைக்குப் பயனில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அமெரிக்காவில் பெட்சி ஹோசாவின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய வகுப்புப் பிள்ளைகள் இருநூறு பேரளவில் 12 வாரம், பாடம் தொடங்குவதற்கு முன் தினமும் அரை மணி நேரம், ஒரு பகுதியினர் ஓடியாடினார்கள், மற்றவர்கள் வகுப்பறையில் இருந்து கைவேலை செய்தார்கள். கவனக் குறைவு இரு சாராரிடமும் குறைந்தது. ஏ.டி.எச்.டி. சாயல் உள்ளவர்களில் ஓடியாடியவர்களிடம் வீட்டில் கூடுதலாகக் குறைந்தது. இருந்து செய்தவர்களும் முன்னேறினார்கள் என்பதிலிருந்து, ஒழுங்கான நேரமும் கூடவே நிற்கும் பெரியவரும் கூடப் பயன் தருகிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பாடசாலைகளில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பத்து நிமிடம் எடுக்கலாம். "தலை" என்றால் காலைத் தொட வேண்டும், "கால்" என்றால் தலையைத் தொட வேண்டும். சற்று நேரத்தில் விதியைத் திருப்பிப் போட வேண்டும். அமெரிக்காவில் மேகன் மக்கிளெல்லண்ட் குழு சிறு பிள்ளைகளின் சுய கட்டுப்பாட்டை அளக்க இத்தகைய விளையாட்டையே சோதனையாகப் பயன்படுத்துகிறது. இப்படியான விளையாட்டுகளை முன்பள்ளிகளில் பழக்கிப் பார்த்தபோது, தொடக்கத்தில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினார்கள்.

ஆள் இல்லை என்று அதிபர்கள் சொல்வார்கள். இந்தியாவில் 6 முதல் 11 வயது வரையான, ஏ.டி.எச்.டி. உள்ள 69 பிள்ளைகளுக்கு யோகமும் தியானமும் விளையாட்டும் கலந்த ஒரு திட்டத்தைப் பாடசாலைக்குள்ளேயே ஓராண்டு நடத்தினார்கள். பயிற்சி பெற்று அதை வாராவாரம் கொண்டுபோனவர்கள் மேல்வகுப்பு மாணவத் தொண்டர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு அது, ஆகவே பலனின் அளவைப் பற்றிப் பெரிதாகப் பேச முடியாது. ஆனால் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறது. நம் பாடசாலைகளில் மாணவத் தலைவர்கள் இருக்கிறார்கள், உயர்தரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் அவர்களில் நான்கு பேருக்குத் தாச்சியை எப்படிச் சிறிதாக்குவது, பிடிபட்ட பிள்ளையை எப்படித் திரும்ப உள்ளே எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். கோடு போட ஒரு தடியே காணும்.

நேரத்தையும் பார்த்து வைக்க வேண்டும். ஒரு தடவை விளையாடியதால் வரும் கவனம் நீண்ட நேரம் நிற்காது, விளையாடி முடிந்த கையோடு வருவது அது. ஆகவே பிள்ளைக்கு மிகக் கஷ்டமான பாடத்தை விளையாட்டுக்கு அடுத்ததாக வையுங்கள். ரியூசன் ஐந்து மணிக்கென்றால் நாலரைக்கு ஒழுங்கையில் ஆட விடுங்கள், வெயிலும் அப்போது தணிந்திருக்கும். வியர்வையோடு வந்தாலும் ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்து அப்படியே கொப்பிக்கு முன்னால் இருத்துங்கள், குளிப்பைப் பிறகு பார்க்கலாம்.